குதிரைக்காரன் பெண்டாட்டி

விதுராவுக்கு எஸ்டேட் வேலைக்கென்று போன அப்பா அங்கேயே இன்னொருத்தியோடு இருந்துவிட்டார். இது எங்கள் லைன் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரியாதது மாதிரி இருக்கவேண்டும் என்று மாமாவின் பெண்டாட்டி, என் அத்தை, சொல்லியிருந்தாள்.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால், மூட்டை தூக்குகிறவர்களுக்கு அரிசி மண்டி முதலாளி கொடுத்த அறை எங்களுடையது. அப்பா பேரில் இருந்தது. அவர் போனபிறகு அம்மாவின் அண்ணன், என் மாமா, அவருக்குப் பதில் மூட்டை தூக்கினார். அதனால் அறை போகவில்லை.

ஞாயிறு மத்தியானம் டிவியில் ஒரு வெளிநாட்டுத் தொடர் வரும். தொப்பி, குதிரை, துப்பாக்கி. பேச்சு இங்கிலீஷ். அடியில் மலையாள எழுத்து ஓடும். பள்ளிக்கூடத்தில் மலையாளம் படிப்பதால் அதை வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். வாசித்துத் தமிழில் சொல்வேன். வேகமாக ஓடினால் பாதியை விட்டுவிடுவேன். யாரும் கேட்டதில்லை.

மாமாவுக்கு எதிலும் நம்பிக்கை வராது.

"இவன் குதிரைக்கு எப்பந்தான் தண்ணி காட்டுகான்? ஓடிட்டே கெடக்கு."

"சும்மா பாருங்க," என்பாள் அத்தை. "குதிரை தண்ணி குடிக்கத காட்டினா நீங்க இருந்து பாப்பீங்களாக்கும்?"

அம்மா மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருப்பாள். குதிரைக்காரனின் பெண்டாட்டி வரும்போது மட்டும் கிள்ளுவதை நிறுத்துவாள். குதிரைக்காரன் தங்கம் தேடிப் போனவன். அவள் தனியாக மாடு மேய்த்துப் பிள்ளைகளை வளர்த்தாள்.

கடைசி வாரம் அவன் திரும்பி வந்தான். அவள் வாசலில் துப்பாக்கியோடு நின்றாள். யாரும் பேசவில்லை, எனக்கு வாசிக்க வேலையில்லை. அவன் குதிரையைத் திருப்பினான். அவள் கதவை அடைத்தாள். முடிந்தது.

மாமாவுக்குக் கோபம். "இது நடக்கப்பட்ட காரியமா எட்டீ? அவன் கெட்டின வீடு. அவனையே ஏறாதேன்னா?"

"இத்தன வருசம் யாரு கஞ்சி ஊத்தினா? அவனா?" என்றாள் அத்தை.

"எவ ஊத்தினா என்ன? பொம்பள அப்பிடிச் செய்யமாட்டா. சும்மா எழுதி வச்சிருக்கான்."

அம்மா மிளகாயைப் பார்த்தபடி சொன்னாள். "செய்வா அண்ணே."

மாமா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை.

கொஞ்ச நாளில் அப்பா வந்தார். மழை. கையில் ஒரு பை. நல்ல இருமல். அம்மா வாசலில் நின்றாள். நான் ஓடிப்போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன். அடைக்கச் சொன்னால் அடைக்கலாமே.

மாமா அப்போதுதான் மண்டியிலிருந்து வந்திருந்தார். அப்பாவைப் பார்த்ததும், "முதலாளிகிட்ட நான் சொல்லியாச்சு மாப்ள. நாளைக்கே எனக்குப் பதிலா மூட்டைக்கு நில்லும்," என்றார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அப்பாவிடம் கொடுத்தார்.

அம்மா மாமாவைப் பார்த்தாள். அப்புறம் விலகினாள்.

"சோறு இருக்கா?" என்றார் அப்பா.

இருந்தது.

"பொம்பள அப்பிடிச் செய்வான்னு சொன்னியே," என்று அடுப்புப் பக்கம் போய் அம்மாவிடம் கேட்டேன். கன்னத்தில் ஒன்று விழுந்தது. அதுவரை அம்மா என்னை அடித்ததில்லை.

அடுத்த ஞாயிறு புதுத் தொடர் தொடங்கியது. அதிலும் குதிரை இருந்தது. வாசித்துச் சொல்லக் கூப்பிட்டேன். அம்மா வரவில்லை. அப்பாவின் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். இந்தக் கதை பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.