மாரிக்கனியின் சினைக் கெண்டைகள்

ஐப்பசி வெள்ளம் வந்ததும் திருச்சுழிக் குண்டாற்றில் மீன் கணக்கெடுப்பு தொடங்கியது. முட்டையிட மேலே போகும் மீன்கள் உண்டென்று தெரிந்தால்தான் தடுப்பணையில் அவை ஏற அதிகாரிகள் வழி வைப்பார்கள்.

மீன் பிடித்துத் தந்தவர் மாரிக்கனி. வயது ஐம்பத்து மூன்று. பருத்தி எடுப்பார், கண்மாய் வற்றும்போது மீன் பிடிப்பார். நீரை எதிர்த்து வரும் மீன் தானாக உள்ளே புகும்படி மூங்கில் பறி வைப்பதில் அவருக்கு இணையில்லை. அவர் கொண்டுவரும் மீனை, கணக்கெடுக்க வந்த நான் அளந்து, எடை போட்டு, வால் துடுப்பின் ஓரத்தில் அடையாளமாகச் சிறிது வெட்டி, ஆற்றில் விடுவேன்.

மூன்று நாளில் தொண்ணூற்றாறு கெண்டை. ஒன்றில்கூடச் சினை இல்லை. அவரிடமே கேட்டேன்.

“சினைக் கெண்டை நெறைய விழுதுங்கய்யா. அதுகள அப்பவே அணைக்கு மேல விட்டுருவேன்.”

“எனக்குக் காட்ட வேண்டாமா?”

“நீங்க ஒண்ண அளக்கிறதுக்குள்ள பிரசவமே முடிஞ்சிரும். புள்ளத்தாச்சிய வரிசையில நிறுத்துவாகளா?”

எத்தனை விட்டார் என்று உத்தேசமாகச் சொன்னார். உத்தேசத்தை நான் எழுதுவதில்லை. மூன்று நாள் கணக்கையும் தள்ளிவிட்டேன். மறுநாளிலிருந்து சினை மீனுக்கே முதலிடம். ஈரத்துணியில் வைத்து நீளம் மட்டும் பார்ப்பது, துடுப்பை வெட்டுவதில்லை என்று பேசிக்கொண்டோம்.

மறுநாள் முப்பத்தொரு கெண்டையில் பதினெட்டு சினை.

“இப்படியே பத்து நாள் வந்தால் வழி வைத்துவிடுவார்கள்” என்றேன்.

“வைக்கட்டும். அதுவரைக்கும் நான் தூக்கிட்டுப் போறேன்” என்று மீன் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அணை மேட்டில் நடந்தார்.