பிளாஸ்டிக் அட்டையில் முட்டை: தம்மம்பட்டிக்கு ஒரு லாரிப் பயணம்

கொல்லிமலைக்குப் போகிற வழியில் பார்க்க என்ன இருக்கிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். அருவியைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது முட்டை அடுக்கும் அட்டையைப் பற்றி. சிரிக்காமல் படியுங்கள்.

1983 மார்ச் மாதம். சேலத்தில் பிளாஸ்டிக் தகடு விற்கும் கடையொன்றில் நான் விற்பனைப் பிரதிநிதி. நாமக்கல்லிலிருந்து சென்னியப்பன் என்ற ஒருவர் மாதாமாதம் வெள்ளைத் தகடு வாங்கிக்கொண்டே இருந்தார். இவ்வளவையும் வைத்துக்கொண்டு மனுஷன் என்னதான் செய்கிறார் என்று எனக்குக் குடைச்சல். ஒரு நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சேலம் அஸ்தம்பட்டியில் இருந்த என் அறையிலிருந்து காலை ஐந்தரைக்குப் புறப்பட்டு, ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தேன். ஐம்பத்திரண்டு கிலோமீட்டர், டிக்கெட் நாலு ரூபாய் இருபது காசு. ஏழரைக்கு நாமக்கல். அங்கிருந்து மோகனூர் ரோட்டில் மூன்று கிலோமீட்டர் நடை. தொழிற்சாலை என்று நினைத்துப் போனால், சோளக்காட்டு நடுவில் ஒரு தகரக் கொட்டகை! இதற்கா லீவு போட்டோம் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

உள்ளே போனதும் வாயை மூடிக்கொண்டேன். சென்னியப்பனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். விவசாயக் குடும்பம், எட்டாம் வகுப்புப் படிப்பு. நான் விற்ற தகட்டை ஹீட்டருக்குக் கீழே காட்டுகிறார். அப்பளம் போலத் தளர்ந்ததும் அலுமினிய அச்சின் மேல் விரிக்கிறார். அச்சில் ஊசி ஊசியாய்த் துளைகள். பழைய கம்ப்ரசரை அவரே பிரித்து மாற்றிய பம்பு, அடியிலிருந்து காற்றை உறிஞ்ச, தகடு அச்சோடு ஒட்டி முப்பது குழியுள்ள அட்டையாகிவிடுகிறது. நிமிஷத்துக்கு ஒன்று. தகடு விற்கத்தான் எனக்குத் தெரியும். அதற்குள் இவ்வளவு இருக்கிறதென்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“காயித அட்டை நனைஞ்சாப் போச்சுங்க” என்றார். “அதுவுமில்லாம ஒரு பண்ணைச் சீக்கை இன்னொரு பண்ணைக்குத் தூக்கிட்டுப் போயிருதுங்க. இதை மருந்துத் தண்ணியில முக்கி எடுத்தாப் புதுசு மாதிரிங்க.”

பிளாஸ்டிக் வழுக்குமே என்றேன். எதிரெதிரே இரண்டு ஓரங்களில் வரப்பு போல மேடு வைத்திருந்ததைக் காட்டினார். ஒன்றின் மேல் ஒன்றை நேராக வைத்தால், மேல் அட்டை அந்த மேட்டில் உட்கார்ந்துகொள்ளும். நகராது, முட்டையையும் அழுத்தாது.

பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் அன்றைக்கு ஒரே ஒரு நடை சோதித்துப் பார்க்கச் சம்மதித்திருந்தார். நாற்பது அட்டை, ஆயிரத்து இருநூறு முட்டை, தம்மம்பட்டிக் கடைக்கு.

“காயித அட்டையில போனாப் பத்து முட்டை உடையுமுங்க. அதுக்கு மேல உடைஞ்சா மெஷினை எடைக்குப் போட்டுட்டு, மாமனார் காட்டுக்கே வேலைக்குப் போயிர்றேன்னு ஊட்டுல சொல்லிட்டு வந்துட்டேனுங்க” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நாங்கள் ரோட்டோர டீக்கடையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தபோதே லோடுமேன் பெரியசாமி பண்ணையில் அட்டைகளை ஏற்றி முடித்துவிட்டார். இருபது வருஷமாக முட்டை ஏற்றுகிறவர். ஒன்பது மணிக்கு லாரி கிளம்பியது. சென்னியப்பன், பெரியசாமியோடு நானும் தொற்றிக்கொண்டேன்.

“ஏனுங்க சார், சேலத்துல முட்டையே கெடைக்கறதில்லீங்களா?” என்று டிரைவர் கிண்டலடித்தார்.

ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, மெட்டாலா. அதன்பிறகு கொல்லிமலை வலது கையில் கூடவே வரும், அழகான பாதை. நான் மலையை எங்கே பார்த்தேன்! ஒவ்வொரு பள்ளத்துக்கும் சென்னியப்பன் கண்ணை மூடிக்கொள்வதைத்தான் பார்த்தேன். லாரி மீட்டரில் எழுபத்திரண்டு கிலோமீட்டர். பன்னிரண்டு மணிக்குத் தம்மம்பட்டி.

மேல் அட்டையைத் தூக்கிய கடைக்காரர் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. “என்னய்யா இது? முட்டை கேட்டா ஆம்லெட் அனுப்பியிருக்கீங்க!”

நூற்றுக்கும் மேல் உடைந்திருந்தது. சென்னியப்பன் லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

பெரியசாமிதான் தயங்கித் தயங்கி வந்தார். காகித அட்டையை ஒன்று நேராக, அடுத்தது குறுக்காக என்று திருப்பித் திருப்பித்தான் அடுக்குவார்கள். “நேரா வெக்கோணும்னு நீங்க சொன்னது ஞாபகத்துலதான் இருந்துச்சுங்க. கை கேக்கலீங்க. பழக்கத்துல திருப்பிப் போட்டுட்டேனுங்க.” குறுக்காகத் திரும்பியதில் மேடு தப்பான இடத்தில் முட்டுக்கொடுத்து, அட்டை சாய்ந்து ஆடி, முட்டை நசுங்கியிருக்கிறது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “ஒரு மனுஷன் பிழைப்பையே கெடுத்துட்டீங்களே!” என்று கத்திவிட்டேன்.

சென்னியப்பன் எழுந்தார். “உடுங்க சார். இவருக்கு இன்னொருக்காச் சொல்லலாம். ஊர் பூராவும் லோடு ஏத்தற கைக்கெல்லாம் நான் போயிச் சொல்ல முடியுமுங்களா? தப்பு அட்டையிலதானுங்க.”

எதிரே வாளி ஒட்டும் கடையில் தகரம் வெட்டும் கத்தரி வாங்கி வந்தார். மேட்டின் நடுப்பகுதியை வெட்டியெறிந்துவிட்டு, நான்கு மூலைகளிலும் கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் விட்டார். அட்டை சதுரம். இனி நேராக வைத்தாலும் சரி, குறுக்காக வைத்தாலும் சரி, மூலையில் உட்கார்ந்துதான் ஆகவேண்டும். பத்து அட்டையை இப்படி வெட்ட ஒரு மணி நேரம் ஆனது. உடையாத முட்டை முந்நூறை அட்டை பன்னிரண்டு ரூபாய் கணக்கில் கடைக்காரரிடமே விலைக்கு வாங்கினோம். சென்னியப்பன் எழுபது, நான் ஐம்பது. முட்டை கொண்டுவந்த லாரி முட்டையோடு திரும்புவதைப் பார்த்துக் கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

“எப்பவும் போல அடுக்குங்க” என்று மட்டும் பெரியசாமியிடம் சொன்னார் சென்னியப்பன். அவரும் திருப்பித் திருப்பியே அடுக்கினார். அதே சாலை, அதே பள்ளங்கள். மாலை ஐந்தரைக்குப் பண்ணைக்காரர் முன்னால் இறக்கினோம். முந்நூறில் ஒன்றில் மட்டும் மயிரிழை விரிசல். “அட!” என்றார் பண்ணைக்காரர். இன்னொரு நடை கொடுக்கிறேன் என்றார். சென்னியப்பன் வீட்டைப் பார்த்து ஓடினார். அந்த ஓட்டத்தைப் பார்த்து என் கண் கலங்கியதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: ராசிபுரம் வழியில் பஸ் உண்டு, வெயில் ஏறும்முன் கிளம்புங்கள். பட்டறைகளுக்குள் கேட்காமல் நுழையாதீர்கள். கேட்டால் மறுக்காமல் காட்டுவார்கள். மெஷினையே பார்த்துக்கொண்டு நிற்காமல், சரக்கு ஏற்றுகிறவர்களோடும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். நான் அன்றைக்கு டீக்கடையில் நின்ற தப்பை நீங்கள் செய்ய வேண்டாம்.

அடுத்த மாதம் தகட்டோடு நானே போனேன். புது அச்சு வார்ப்பதற்கு மரத்தில் மாதிரி செதுக்கி, அதைப் பண்ணைக்கே தூக்கிக்கொண்டு வந்திருந்தார் சென்னியப்பன். அதில் எடுத்த அட்டைகளைப் பெரியசாமி முட்டையோடு அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். நாங்கள் இருவரும் கைகட்டி நின்றோம். கடைசியில் மேல் அட்டையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

“அச்சை வாத்துக்கலாமுங்க.”