கண்ணில் வைத்த பொட்டு

மேலகரம் ஷஹானா மெஷினோடு பேசுவாள் என்று ஊரில் கேலி உண்டு. "மனுசங்க எங்க காது குடுக்காங்க?" என்பாள். அரிசி ஆலையோ மர மில்லோ, அளவுக்கு மீறிச் சுற்றினால் நிறுத்திவிடுகிற பெட்டியைச் செய்து பொருத்துவது அவள் தொழில்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் நம்பிராஜன் அண்ணாச்சியின் ராட்சத ராட்டினத்துக்கு ஒன்று மாட்டினாள். அது இல்லாமல் இந்த சீசனுக்கு அனுமதி கிடையாது. ஜனம் ஏறுகிற ஒன்றுக்கு அவள் மாட்டுவது இதுதான் முதல் தடவை. சொதப்பினால் தொழிலை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ராட்டினத்தின் அச்சில் பளபளக்கும் டேப் துண்டுகளை ஒட்டியிருந்தாள். ஒவ்வொரு துண்டும் சென்சாரின் கண்ணைக் கடக்கும்போது பெட்டிக்கு ஒரு துடிப்பு போகும். துடிப்பு நெருக்கமாக வந்தால் வேகம் கூடுகிறது என்று அர்த்தம். எல்லை தாண்டினால் பெட்டி மோட்டாரை அணைத்து பிரேக்கைப் போட்டுவிடும். ஒத்திகை ஜோராக நடந்தது.

மறுநாள் காலை, அனுமதி தர வேண்டிய அதிகாரி நிர்மலாதேவி சோதனைக்கு வந்து நின்றார். தொட்டில்களில் மணல் மூட்டைகளை வைத்து சுவிட்சைப் போட்டார்கள். ராட்டினம் கொஞ்சம் நகர்ந்து நின்றுவிட்டது. மறுபடி போட்டார்கள். மறுபடியும் நின்றது.

"ஏம்மா, ஓடுததை நிப்பாட்டவா உன்ன கூப்ட்டேன்?" அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒயரக் கழட்டு. இத்தன வருசம் இது இல்லாமலா சுத்துச்சு?"

 ஷஹானா பெட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். "கழட்ட மாட்டேன் அண்ணாச்சி. அது சும்மா நிக்காது. என்னமோ சொல்லுது, பாத்துட்டு வாரேன்."

விறுவிறுவென்று ஏணியில் ஏறினாள். மேலே போனதும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ராட்டினம் ஓட்டுகிற இசக்கிமணி விடியலில் சீசன் பூஜை போட்டிருக்கிறார். மோட்டார், சங்கிலி என்று ஒன்றையும் விடாமல், சென்சாரின் கண்ணிலும் சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம் வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, இதுக்குக் கண்ண மூடி விட்டிருக்கு! துடிப்பு வரலன்னா வேகம் என்னன்னு தெரியாது. தெரியாம ஆள ஏத்திச் சுத்தக் கூடாதுன்னுதான் நிக்குது!"

முந்தானையால் துடைத்தாள். ராட்டினம் சுற்றியது. நிர்மலாதேவிக்கு அது போதவில்லை. "ஓடிட்டு இருக்கும்போது மறைச்சா?" என்றார். ஷஹானா இறங்கி வந்து இசக்கிமணியிடம் சந்தனக் கிண்ணத்தை வாங்கி, மறுபடி ஏறி, கம்பி நுனியில் தொட்டு, தானே அந்தக் கண்ணில் பூசினாள். அத்தனை பெரிய ராட்டினம் குலுங்காமல் அடங்கி நின்றது. அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது, கத்தியும் விட்டாள்.

அதிகாரி அங்கேயே கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் கப்பல் ஊஞ்சல் போட்டிருந்தவர் அவள் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் முதல் தொட்டிலில் அண்ணாச்சி தன் பேத்தியைத்தான் ஏற்றினார். கீழே இசக்கிமணி சந்தனக் கிண்ணத்தோடு தயங்கி நின்றார்.

"வைங்கண்ணே" என்று பெட்டியின் மூடியைக் காட்டினாள் ஷஹானா. "பொட்டு நெத்தியில வைக்கணும், கண்ணுல இல்ல."