தூணுக்குக் கட்டிய சீலை

சனிக்கிழமை, பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் மரக்கறி வாங்க வந்தவன், நான் வேலை செய்துகொண்டிருந்த பழைய கத்தோலிக்கப் பங்குக் கோயிலை எட்டிப் பார்த்தேன். எங்கள் தமிழ்ப் பெண்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் தமிழ்ப் பூசை, அதுவும் பெருநாள்.

அந்தக் கோயிலின் முகப்பு பிற்காலத்தது. உள்ளே இருக்கும் தூண்கள்தான் பழையவை, எழுநூறு எண்ணூறு வருடம் இருக்கும். எப்போதோ யாரோ புண்ணியவான் கல் இடுக்குகளில் சீமெந்து பூசிவிட்டார். சீமெந்து ஈரத்தை வெளியே விடாது. கல் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். அதைச் செதுக்கி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை வைப்பதுதான் எங்கள் வேலை.

எங்கள் என்றாலும், நான் மூட்டை தூக்குகிறவன். முந்தின நாள்தான் எங்கள் ஷெஃப், புதுச்சேரிக்கார மேஸ்திரி அந்துவான், பீடத்தருகே இரண்டு தூண்களை என்னிடம் விட்டிருந்தார்.

"திங்கக்கெழம வந்து பாப்பேன். காரை நின்னுச்சுன்னா நீ மசோன், கொத்தனாரு. வெடிச்சிச்சுன்னா பழையபடி மூட்டதான்ப்பா."

நான் காரை வைத்து முடித்திருந்த அந்த இரண்டு தூண்களிலும் இப்போது பழஞ்சீலைகள் சுற்றியிருந்தன. தண்ணீர் சொட்டியது.

"ஐயோ அக்கா, என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

புறநகர் ஓல்னேயிலிருந்து வரும் ராணி அக்காதான் இவர்களுக்குத் தலைவி. விளக்குமாற்றை விடாமலே சொன்னார்: "ஏன் தம்பி கத்துறாய்? புதுப் பூச்சு எண்டு தெரிஞ்சுது. சவுக்காரத் தண்ணி தெறிக்கப்படாதெண்டுதான் சுத்தினனாங்கள்."

"கழுவாமல் விட்டிருக்கலாமே?"

"பெருநாளுக்குக் கோயில் கழுவாமல் விடுறதோ? நல்ல கதை!"

ஒரு முனையை மெல்ல இழுத்துப் பார்த்தேன். காரையும் சேர்ந்து வரப் பார்த்தது. கையை எடுத்துவிட்டேன். மூட்டைதான் என்று மனம் விட்டுப்போயிற்று. ஞாயிறு பூசையில் சீலை உடுத்த தூண்களைப் பார்த்து, அலங்காரம் அழகு என்று பிரெஞ்சுச் சாமியார் பாராட்டினார். எனக்கு அழுகை வந்தது.

திங்கள் காலை அந்துவான் ஓடிவந்தார்.

"இந்தச் சூட்டுல காரை காஞ்சு வெடிச்சிருக்கும்ப்பா! ஈரச் சாக்கு சுத்தச் சொல்ல மறந்துட்டேன்!"

சீலைகளைக் கண்டு நின்றார். நனைத்து நனைத்துப் பொறுமையாகக் கழற்றினார். ஒரு கீறல் இல்லை.

"யாருப்பா சொல்லிக்குடுத்தா?"

நடந்ததைச் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. பூச்சுக் கரண்டியை என் கையில் கொடுத்தார்.

"மிச்சத் தூணும் நீயே பாரு, மசோன். அந்த அம்மாகிட்ட இன்னும் நாலு பொடவ கேளு."

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்வேன்: சுண்ணாம்பைக் காயவைக்க அவசரப்படாதீர்கள், ஈரத்தோடு ஆறவிடுங்கள். பெருநாளுக்கு முதல்நாள் கோயில் கழுவ வருபவர்களைத் தடுக்காதீர்கள்.