வடக்குப் பார்த்த வண்டி

மயிலாப்பூரில் கேரவன் என்றால் சினிமா ஷூட்டிங்தான். அத்திம்பேர் வெங்கடரமணன் பழைய வேன் ஒன்றை வாங்கி, கட்டிலும் அடுப்பும் பொருத்தி வாசலில் நிறுத்தியபோது, தெருவே "ஹீரோயின் யாரு?" என்று எட்டிப் பார்த்தது. காய்கறிப் பையோடு இறங்கியது அவர் மனைவி, என் அக்கா சூடாமணி. பாவம், ஜனங்களுக்கு ஏமாற்றம்.

அத்திம்பேருக்கு வலது கண் போய்விட்டது. இடதும் மெல்லப் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் ஓட்டுவது நான். வேறு எந்த மச்சினன் இப்படி மாட்டிக்கொள்வான்! கடற்கரைச் சாலையில் போகும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டு, "இப்போ கடல் வெள்ளியா மினுங்கும், இல்லே?" என்பார். ஒரே ஆசைதான் அவருக்கு. பார்வை இருக்கும்போதே ஒரு நாள், படுத்தபடி கண் திறந்தால் ஜன்னலில் கடல் தெரிய வேண்டும்.

குறுக்கே நின்றவள் அக்கா. மாமல்லபுரம் தாண்டி ஒரு சவுக்குத் தோப்பில்தான் வண்டியைப் போடுவோம். கிழக்கே கடல். கட்டிலோர ஜன்னல் அந்தப் பக்கம் வர, வண்டி வடக்குப் பார்த்து நிற்க வேண்டும். அப்போது தலைமாடும் வடக்கே வந்துவிடும்.

"பிள்ளையாருக்கு வெச்ச யானைத் தலை ஏது? வடக்கே தலை வெச்சுப் படுத்ததோடது! திருப்புடா பாலு."

திருப்புவேன். தம்ளர் தண்ணீரை வண்டித் தரையில் வைத்து மட்டம் பார்த்து, சக்கரத்துக்குப் பலகை கொடுத்து நிமிர்வதற்குள் இடுப்பு விட்டுப்போகும். ஜன்னலில் தோப்புக் கழிப்பறையின் சுவர் தெரியும். அத்திம்பேர் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

"தலகாணியைக் கால்மாட்டுல போட்டுக்கோயேன்க்கா."

"தலைக்கு மேலே சுவாமி படம் இருக்கே, அதுக்கு நேரா காலை நீட்டறதா? நன்னாருக்கு!"

போன மாசியில் ஒரு சாயங்காலம், தோப்பில் அக்கா காபி நீட்டினாள். வாங்க வந்த அத்திம்பேரின் கை ஒரு சாண் தள்ளிப் போயிற்று. அவள் தம்ளரை அவர் கையில் பிடித்து வைத்தாள். உள்ளே போய், சுவாமி படங்களைக் கண்ணில் ஒற்றி எடுத்து எதிர்ப் பக்கம் அடுப்புக்கு மேலே மாட்டினாள். தலையணையைக் கால்மாட்டுக்கு மாற்றிப் போட்டாள்.

"வடக்குப் பார்த்தே நிறுத்துடா," என்றாள். அழுதிருந்தாள்.

விடியும்போது கடல் எது, வானம் எது என்று தெரியாமல் ஒரே வெளுப்பு. வண்டி அதில் மிதப்பதுபோல இருந்தது. மெல்லச் சிவந்தது. நான் படியில் காபியோடு நின்றேன். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண் திறந்தார்.

"ஏன்னா, தெரியறதா?"

"நீ மறைச்சுண்டிருக்கே."

ஐயோ என்று நகரப்போனவளின் கையைத் துழாவிப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் சூடா. அப்படியே இரு."