மாஸ்டரின் மெட்டாபிளேசியா

ஸ்லைடு அக்காவுக்கு அந்தப் பெயர் ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது. நோயாளியிடமிருந்து எடுத்த சதைத் துணுக்கை மெழுகுக் கட்டியில் புதைத்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றிச் சாயம் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோய்க்குப் பெயர் வைப்பது டாக்டரம்மாவின் வேலை. இத்தனை வருஷம் பக்கத்திலேயே இருந்ததில் அந்தப் பெயர்களெல்லாம் அக்காவுக்கும் தண்ணீர்பட்ட பாடு. அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்ற புத்திதான் இல்லாமல் போயிற்று.

அவள் கணவர் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஊருக்கெல்லாம் பிரேக் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பவர். சிகரெட் விஷயத்தில் மட்டும் அவர் கால் ஆக்ஸிலரேட்டரை விட்டு எழுந்ததில்லை. இருமல் முற்றிப்போய், மூச்சுக்குழாயிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். புற்று இல்லை, மெட்டாபிளேசியா, சிகரெட்டை நிறுத்திவிட்டு ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டரம்மா.

அன்று மாஸ்டர் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை அக்காவுக்கு. பதமாகச் சொல்லிவைத்தாள்.

"பயப்படாதீங்க. புகைக்கு ஏத்த மாதிரி உங்க செல்லுங்க தன்னை மாத்திக்கிட்டிருக்கு, அவ்வளவுதான். சிகரெட்டை விட்டா பழையபடி ஆயிடும்."

கடைசி வாக்கியம் மாஸ்டரின் காதில் ஏறவில்லை. முதல் பாதியைப் பட்டமாக வாங்கிக்கொண்டார். சலூனில் சொன்னார். கியர் மாற்றத் தெரியாமல் திணறியவர்களிடம், தன் செல்லைப் பார்த்து மாறக் கற்றுக்கொள்ளும்படி புத்தி சொன்னார். மச்சினனிடம் போனில், தன் நுரையீரல் புகையை ஜெயித்துவிட்டதாகவே அறிவித்தார். அந்தச் சந்தோஷத்தில் ஒரு பாக்கெட் கூடுதலாகக் காலியானது.

அக்கா தலையில் அடித்துக்கொண்டு பாடத்தை மறுபடி ஆரம்பித்தாள்.

"அது கெட்டிக்காரத்தனம் இல்லீங்க. குட்டிக்குட்டி மயிரோட இருந்த செல்லுங்கதான் தூசு, சளியெல்லாம் பெருக்கித் தள்ளிட்டிருந்துச்சு. உங்க புகை தாங்காம அதுங்க போயிடுச்சு. அந்த இடத்துல தடித்தோலு ஆளுங்க வந்து உக்காந்திருக்காங்க. எதையும் தாங்குவாங்க, பெருக்க மாட்டாங்க. அதான் இருமல்."

"தாங்குறாங்கல்ல?" என்றார் மாஸ்டர்.

அக்கா விடவில்லை. சின்ன அடி பட்டால் செல் வீங்கும், பிறகு தேறிவிடும். அடி நீடித்தால் பருத்தோ சுருங்கியோ வேறாக மாறியோ சமாளித்துப் பார்க்கும். அதற்கும் மேலே போனால் செத்துப்போகும், இல்லாவிட்டால் ஒழுங்கு கெட்டுக் கன்னாபின்னாவென்று வளரும். அதற்குப் பெயர் டிஸ்பிளேசியா, அதற்கு அடுத்த வீடு புற்று. மாஸ்டர் மரியாதையாகக் கேட்டு முடித்து, தான் இன்னும் அந்தத் தெருவுக்கே போகவில்லை என்ற நிம்மதியோடு தீப்பெட்டியைத் தேடினார்.

அப்போதுதான் அக்காவுக்கு அந்த வீட்டில் இன்னொரு நோயாளியும் கண்ணில் பட்டாள், அவளேதான். வாரம் தவறாமல் திரைச்சீலை துவைக்கிறாள். சாம்பல் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்க்கிறாள். மூச்சுக்காக ஜன்னலோரம் படுக்கிறாள். புகைக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டவள். மைக்ராஸ்கோப் இல்லாமலே பெயர் வைத்துவிடலாம். அக்கா கிண்ணத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டாள்.

மாஸ்டர் கோபப்படவில்லை. சிகரெட்டோடு குடியிருப்பின் கீழ்ப்படிக்குக் குடிபெயர்ந்தார். அங்கிருந்து அவர் இருமல் எல்லா மாடிக்கும் கேட்டது. மேல்வீட்டுக்காரர்கள் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்கள். அவர்களும் சூழ்நிலைக்கு ஏற்ப மாறத் தெரிந்தவர்கள்.

ஆறு மாதம் முடிந்து, மறு சோதனைக்கு முந்தின சாயங்காலம் அக்கா இறங்கிப் போய்ப் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு எடுக்கிறதையும் நான்தாங்க சீவணும். இந்தத் தடவை வேற பேரு வந்தா, பதமா சொல்ல எங்கிட்ட வார்த்தை இல்ல."

மாஸ்டர் பாதி எரிந்த சிகரெட்டைச் சுவரில் தேய்த்து அணைத்தார். அக்காவுக்கு நெஞ்சு லேசானது. அவர் அணைத்ததை ஊதித் துடைத்து, காதுக்குப் பின்னால் பத்திரமாகச் செருகிக்கொண்டார்.

"ரிசல்ட் வரட்டும்மா," என்றார்.