நடுவால் வேலி போன கிணறு

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட நான் ஒரு நாள் பல்கலைக்கழகப் பிள்ளைகளோடு இருந்து படம் கீறினேன். போனது கூலிக்கு. மண்கும்பான் கடற்கரையோரம் ஒரு மண்டபத்தில் ஓவியப் பட்டறை. துணிச் சுருள்களை இறக்குவதும் தேத்தண்ணி வைப்பதும் என் வேலை.

ஒரே வகுப்பில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் இரண்டு வருடமாகத் தனித்தனியாகவே இருக்கிறார்களாம். சேர்ந்து கீறினால் கதைப்பார்கள் என்பது விரிவுரையாளரின் எண்ணம். நிலத்தில் நீளமான துணியை விரித்து, ஆளுக்கொரு கரித்துண்டைக் கொடுத்து, அவரவர் வீட்டுக் காணியைக் கீறச் சொன்னார். மத்தியானம் வரை கரி உரசும் சத்தம் மட்டுமே கேட்டது. ஒருவர் படம் மற்றவர் படத்தைத் தொடவில்லை. ஒரு மூலை வெறுமையாகக் கிடந்தது. விரிவுரையாளர் மிஸ் அதை எனக்குக் காட்டினார்.

"அண்ணை, நீங்களும் கீறுங்கோவன்."

"எனக்கு ஏலாது, மிஸ்."

"ஏலும். தேத்தண்ணி பிறகு பாப்பம்."

வேலணையில் உள்ள எங்கள் காணியைக் கீறினேன். ஒரு வட்டம், அதன் நடுவால் ஒரு கோடு. விரிவுரையாளர் குனிந்து பார்த்துவிட்டு, பிரிவினையை இப்படி ஒருவரும் காட்டவில்லை என்று பிள்ளைகளைக் கூப்பிட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"மிஸ், அது கிணறு. வேலி உண்மையாவே அதுக்கு மேலாலதான் போகுது. காணியைப் பிரிக்கலாம், கிணத்தைப் பிரிக்க ஏலாதெல்லோ. ஆளுக்குப் பாதி."

ஒரு பிள்ளை அதைச் சிங்களத்தில் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். ஒரு சிங்களப் பெடியன் அரைகுறைத் தமிழில் கேட்டான்.

"ரெண்டு பேர் ஒண்டா அள்ளினா?"

"வாளி முட்டும். ஒராள் நிண்டு மற்ற ஆளுக்கு வழி குடுக்கவேணும்."

"அந்தப் பக்கம் யார்?"

"அக்கா."

"கதைக்கிறதா?"

"இல்லை."

"ஏன்?"

அம்மா செத்தபோது நான் வவுனியாவில் லொறிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். அன்றைக்கே செய்தி கிடைத்தது. எட்டாம் நாள்தான் வந்தேன். அன்றிலிருந்து அக்கா என்னோடு கதைப்பதில்லை. இதை நான் அவனுக்குச் சொல்லவில்லை. தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால், அவன் தன் வயல் வாய்க்காலை இழுத்து வந்து என் கிணற்றில் விட்டிருந்தான். "டேய், அந்தத் தீவுக் கிணறு உப்படா, உன்ர வயல் கருகும்" என்று ஒரு தமிழ்ப் பெடியன் கத்தினான். அவன் ஏதோ திருப்பிச் சொன்னான். பிறகு பின்னேரம் வரை ஓயாத கதைச் சத்தம்.

பஸ்ஸில் வீட்டுக்கு வந்து, கையில் இருந்த கரியைக் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் கயிறு இறங்கியிருந்தது. வழக்கம்போல் நின்று வழி கொடுத்தேன்.

"அக்கா."

கயிறு நின்றது. வாயில் வந்ததைக் கேட்டேன்.

"தண்ணி எப்பிடி?"

"உப்புத்தான். அள்ளுற உனக்குத் தெரியாதே?"

வாளி மேலே போனது. எனக்குச் சந்தோசமும் வரவில்லை, துக்கமும் வரவில்லை. என்னுடைய வாளியை இறக்கினேன்.